எட்டு பதின்மூன்றுக்குப் புரண்ட தொலைநோக்கி

சனிக்கிழமை, இரவு 8.42.

“கேமராவைக் காணோம்” என்று திருநாவுக்கரசு போட்ட சத்தம், கொட்டகையிலிருந்து அறுபது அடி தள்ளியிருந்த சாப்பாட்டு மேசை வரைக்கும் கேட்டது. தயிர்சோற்றில் கை வைத்திருந்த கண்ணாயிரம் எச்சில் கையோடு எழுந்து ஓடினார். அவர் தங்கை மகன் இனியனும் பின்னாலேயே ஓடினான்.

அணுபுரத்திலிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டர் உள்ளடங்கிய பண்ணை அது. முதலில் லாரி ஓட்டிச் சம்பாதித்து, பிறகு லாரி வைத்துச் சம்பாதித்த கண்ணாயிரத்துக்கு அறுபது வயதில் வானத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. தோட்டத்து நடுவில் ஆளுயரச் சுவர் எழுப்பி, தண்டவாளத்தில் தள்ளித் திறக்கிற தகரக் கூரை போட்டு, உள்ளே இரும்புத் தூண் நட்டு அதன் மேல் ஒரு தொலைநோக்கியை ஏற்றி வைத்தார். அதை இயக்கிப் படம் எடுக்க வந்துகொண்டிருந்தவர் திருநாவுக்கரசு, அங்கே எல்லாருக்கும் அரசு சார். அதன் வால் பக்கத்தில் மாட்டியிருந்த கேமராதான் அந்தக் கொட்டகையிலேயே விலை உயர்ந்த சாமான். பார்வைக்கு என்னவோ ஒரு காப்பி டம்ளர் பெருசுதான்.

அந்தக் கேமராதான் இப்போது இல்லை. தொலைநோக்கி முகத்தில் மூடி போட்டு, மூடிக்கு மேல் வெல்வெட் உறை கட்டி, சமர்த்தாக நின்றது. வால் பக்கம் வெறும் ஓட்டை. வயர் தரையை நோக்கித் தொங்கியது. கூரை திறந்திருந்தது. வெளிச்சுவரில் ஓர் அலுமினிய ஏணி சாய்ந்திருந்தது.

ஏணியைக் கண்டதுமே கண்ணாயிரத்துக்குத் திருடன் யாரென்று தெரிந்துவிட்டது. அன்று மத்தியானம் கொட்டகையில் பிளக் பாயிண்ட் மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் ஸ்டான்லியின் ஏணி அது. இனியன் லேப்டாப்பைத் திறந்து, கேமராவின் தொடர்பு அறுந்த நேரம் 8.13 என்று சொன்னான். 8.13க்கு வீட்டு ஆட்களும் திருநாவுக்கரசும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வேலை முடிந்து, கூலிக்காகக் காத்து வெளியே இருட்டில் நின்றவன் ஸ்டான்லி ஒருவன்தான். அப்புறம் என்ன, ஆளைப் பிடித்தாயிற்று.

“எல்லார் பையையும் பாத்துடலாம், முதல்ல என்னுதைப் பாருங்க” என்று திருநாவுக்கரசு தன் தோள்பையைத் தானே கவிழ்த்துக் காட்டினார். மற்றவர்கள் பையையும் பார்த்தார்கள். ஸ்டான்லியின் டூல்ஸ் பெட்டியை மட்டும் யாரும் கவிழ்க்கவில்லை, எட்டி உதைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.20.

சப்-இன்ஸ்பெக்டர் ஷாரோன் முந்தின நாள் முழுக்கத் திருவிடந்தைப் பக்கம் இ.சி.ஆரில் காதலர் தின பந்தோபஸ்தில் நின்றவள். ஜோடி ஜோடியாகப் பைக்கில் வந்தவர்களை நிறுத்தி விசாரிக்கச் சொல்லியிருந்தார்கள். வேறு வேலையே இல்லாத மாதிரி அதைச் செய்துவிட்டு, கால் வீங்கி, எரிச்சலோடு ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள். மூலையில் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இடது கன்னம் பன்னு மாதிரி உப்பியிருந்தது.

ஏட்டு ஜெபசிங் விவரம் சொன்னார். புகார் கையெழுத்தாகி வந்துவிட்டது. ஆளும் கையில் இருக்கிறான். கேமராவைத்தான் காணோம், பம்புசெட்டு, கிணறு, வைக்கோல்போர், கொட்டகை எல்லாம் தேடியாகிவிட்டது. ரெண்டு தட்டு தட்டியும் இவன் வாயைத் திறக்கவில்லை.

“தட்டினது யாரு?” என்று ஷாரோன் கேட்டாள்.

ஜெபசிங் ஃபேனைப் பார்த்தார்.

ஸ்டான்லிக்கு முப்பத்து நாலு வயது. அணுபுரத்தில், அணுசக்தி ஊழியர் குடியிருப்பில், ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வயரிங் வேலை செய்கிறான். ஷாரோன் கேட்டதற்கு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னான். “மோட்டார் ரூம் லைட்டு எரியுது, ஃபோட்டோல வுழுது, போய் ஆஃப் பண்ணிட்டு வான்னு அந்தப் பெரிய சாருதான் மேடம் அனுப்புனாரு. அரசு சாரு. போயிட்டு வர்றதுக்குள்ள சட்டயப் புடிக்கிறானுங்க.”

“எத்தனை மணிக்கு அனுப்பினார்?”

“எட்டு இருக்கும். சுவிட்ச் போர்டு லூசா கீதுன்னு அதயும் முடுக்கினு வந்தேன். அதான் லேட்டு.”

புகாரில் வேறு மாதிரி இருந்தது. லைட்டை அணைக்கச் சொன்னது ஏழு மணிக்கே என்று திருநாவுக்கரசு சொல்லியிருந்தார். ஒருவர் ஓய்வுபெற்ற பெரிய உத்தியோகஸ்தர், இன்னொருவன் உப்பின கன்னத்துக்காரன். யார் பேச்சு ஏறும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாசலில் அவன் மனைவி ஹெலன் ராத்திரியிலிருந்து நின்றிருந்தாள். அழவில்லை. ஷாரோனைப் பார்த்ததும் ஒரு ஃபாரத்தை நீட்டினாள். குடியிருப்புக்குள் நுழைகிற பாஸைப் புதுப்பிக்கப் போலீஸ் சான்று கேட்கும் ஃபாரம் அது. கடைசி நாள் திங்கள்கிழமை.

“நாளிக்கி பாஸு முடியுது. கேஸுன்னு ஒரு வரி ஏறிச்சின்னா கேட்டாண்டயே வுட மாட்டாங்க. அத்தோட எங்க வூட்ல அடுப்பு அவிஞ்சிது. அது எடுத்திருந்தா உள்ள போடுங்க. எடுக்கலன்னா இன்னிக்கே சொல்லிடுங்க.”

அப்போது இன்ஸ்பெக்டரின் போன் வந்தது. மாமல்லபுரத்தில் யாரோ விருந்தினர் வருகைக்குப் பாதுகாப்பு நிற்கிறார். நாலு மணிக்குள் எஃப்.ஐ.ஆர். போட்டுவிடச் சொன்னார். கண்ணாயிரம் நம்ம ஆளும்மா என்றார். அந்த ‘நம்ம’வில் தனக்கு இடம் கிடையாது என்பது ஷாரோனுக்கு மூன்று மாதத்திலேயே புரிந்திருந்தது. சரி சார் என்று வைத்தாள்.

காலை 10.40.

கண்ணாயிரம் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் வரவில்லை என்று தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. உட்காரச் சொல்லவில்லை.

“எந்த ஊரும்மா உனுக்கு?”

“செங்கல்பட்டு.”

“செங்கல்பட்டுல எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்விக்கு இந்த மாவட்டத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. ஷாரோனுக்கு எட்டாங்கிளாஸிலிருந்து பழக்கமான கேள்வி. “போலீஸ் ஸ்டேஷன் பக்கம்” என்று சொல்லிவிட்டுக் கொட்டகையைப் பார்த்து நடந்தாள். அவர் பின்னால் வந்துகொண்டே, உங்க ஆளுங்கன்னு விட்டுடக் கூடாது என்று பொதுவாகத் தென்னைமரத்திடம் சொன்னார்.

கொட்டகை வாசலில் ஒரு கார் பின்பக்கம் திறந்து நின்றது. உள்ளே ஸ்பாஞ்சு வைத்த நீளப் பெட்டி. பக்கத்தில் முழுக்கைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் திருநாவுக்கரசு. வயது அறுபத்து நாலு. பணியில் இருந்தபோது அளவுக்கருவிகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர், அந்தக் கையெழுத்தின் மிடுக்கு முகத்தில் இன்னும் இருந்தது. தொலைநோக்கியின் குழாயைச் சென்னைக்குக் கொண்டுபோய் லென்ஸைச் சோதிக்க வேண்டும் என்றார். கேமரா போன ஓட்டை வழியாகக் கடற்காற்று உள்ளே போனால் உப்பு பூத்துவிடுமாம். விசாரணை முடிகிற வரைக்கும் ஒரு திருகாணிகூட வெளியே போகக் கூடாது என்று ஷாரோன் சொன்னாள்.

“உங்களுக்கு இதோட அருமை தெரியாது” என்றார் அவர்.

“தெரியாதுதான் சார். அதனால தொடாம பாக்குறேன்.”

பார்த்தாள். இரும்புத் தூணின் தலையில் மோட்டார் வைத்த தாங்கி. அதன் ஒரு பக்கம் வெள்ளைக் குழாய், மறு பக்கம் அதற்குச் சமனாக எடைக்கல். குழாயின் முன்னால் பனி படாமல் இருக்க ஒரு முழ நீளத்துக்குக் கூடு நீண்டிருந்தது. அதன் வாயில் மூடி, அதற்கு மேல் உறை. மூடியது யார் என்று கேட்டாள். தான்தான் என்றார் திருநாவுக்கரசு. முந்தின இரவு 8.36க்குச் சாப்பிட்டு முடித்ததும் கண்ணாயிரத்திடம் சாவி வாங்கி வந்து கதவைத் திறந்தாராம், கேமராவைக் காணவில்லையாம், பதறிப்போனாலும் பனி இறங்கும் நேரமாயிற்றே என்று முதலில் மூடியைப் போட்டாராம். சார் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வார் என்று கண்ணாயிரம் ஒத்து ஊதினார்.

தொங்கிய வயரின் முனையை ஷாரோன் குனிந்து பார்த்தாள். பிளக்கின் தகரம் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தூணின் அடியில், தரையில், கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கிடந்தது. வயர்களைச் சேர்த்து இழுத்துக் கட்டுகிற டேக்கின் நறுக்கிய துண்டு. அது எலக்ட்ரீஷியன் சாமான், அதுவே சாட்சி இல்லையா என்றார் கண்ணாயிரம். ஷாரோன் அதைக் கவரில் போட்டு நேரம் எழுதினாள்.

காலை 11.25.

இனியன் சிறுசேரியில் மென்பொருள் வேலை பார்ப்பவன். இங்கே எல்லாவற்றையும் தானாக ஓட வைத்தது அவன்தான். கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் பதிவேட்டிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் அச்சடித்து, மஞ்சள் பூசி, புகாரோடு கொடுத்திருந்தான். ‘8.13.41. கேமரா தொடர்பு இல்லை.’

“இதுக்கு மேல இருக்குற வரி, கீழ இருக்குற வரி?” என்றாள் ஷாரோன்.

அது தேவையில்லாதது என்றான். தேவையில்லாததையும் காட்டச் சொன்னாள். அலுத்துக்கொண்டே லேப்டாப்பைத் திருப்பினான்.

8.13.04. ஃபிளிப் தொடக்கம்.
8.13.41. கேமரா தொடர்பு இல்லை.
8.14.22. ஃபிளிப் முடிந்தது.

ஃபிளிப் என்றால் என்ன என்று கேட்டாள். இனியன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஆரம்பித்தான். நட்சத்திரம் கிழக்கே உதித்து மேற்கே சாயும். குழாய் அதன் பின்னாலேயே நகர்ந்துகொண்டு இருக்கும். உச்சிக்கோட்டைத் தாண்டியும் அப்படியே போனால் குழாயின் வால் கீழே இறங்கித் தூணில் இடித்துவிடும். அதனால் உச்சி தாண்டியதும் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, தாங்கி குழாயைத் தூக்கித் தூணின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும். பிறகு அதே நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து மறுபடி படம் எடுக்கும். கேமரா கிடைக்காவிட்டால் வடக்கே திரும்பி நின்றுவிடும்.

“இடுப்புப் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாத்துற மாதிரி” என்றாள் ஷாரோன்.

அவன் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்றான். அதற்குப் பிறகு அவன் குரலில் ஏளனம் குறைந்தது. ஒரு நிமிடத்துக்கும் மேலே குழாய் முழுவதும் சுழலும் என்றான். அந்த நேரத்தில் கிட்டே நின்றால் மண்டையில் படும். கேமராவைக் கழற்ற மூன்று திருகு தளர்த்த வேண்டும், இருட்டில் நாலு நிமிடமாவது பிடிக்கும். நேரம் முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டாள். தினமும் நாலு நிமிடம் முன்னால் வரும். நேற்று 8.13 என்றால் இன்று 8.09. விஷயம் தெரிந்தவர்கள் விரல் விட்டுச் சொல்லிவிடலாம்.

“வயரெல்லாம் கட்டுறது யாரு?”

“எப்பவுமே அரசு சார்தான் மேடம். ஒட்டுற பட்டை போட்டுத் தொய்வா விடுவாரு. ஃபிளிப் அப்போ வயர் மாட்டிக்கும்னு அவருக்கு ஒரே பயம். ஆட்டோமேட்டிக் போட்டு நாலு மாசம் ஆச்சு, இன்னும் பிரசவ வார்டு வாசல்ல நிக்குற மாதிரி பக்கத்துலயே நிப்பாரு. மாமாவுக்கே சிரிப்பு. மார்ச்சுல இருந்து நீங்க சிரமப்பட்டு வர வேணாம் சார்னு போன வாரம் சொல்லிட்டாரு.”

கூடத்துச் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. இளஞ்சிவப்புப் புகை மாதிரி ஒரு வான மேகம். செங்கல்பட்டில் நடந்த கண்காட்சியில் பாராட்டு வாங்கிய படமாம். கீழே பொன்னெழுத்தில் ‘படம்: கண்ணாயிரம்’ என்றிருந்தது. கண்ணாயிரம் எப்போதாவது இதை இயக்கியிருக்கிறாரா என்று ஷாரோன் கேட்டாள். மாமாவுக்குக் கூரையைத் தள்ளத் தெரியும் என்றான் இனியன்.

பகல் 12.30.

சமையலறையில் கண்ணாயிரத்தின் மனைவி ரேணுகா புளி கரைத்துக்கொண்டிருந்தார். போலீஸ் வந்தது, அது பொம்பளையாக வந்தது, சமையல்கட்டு வரைக்கும் வந்தது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. பாத்திரத்தை ஓசைப்படவே வைத்தார். ஆனால் நேற்றைய சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதும் குறை சொல்ல ஓர் ஆள் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

“ரெண்டு வருசமா அந்த அரசு சாரு என் வூட்ல ஒரு வேள முழுசா சாப்ட்டதில்ல. எல போட்டு கொழம்பு ஊத்தும்போதே எழுந்துக்குவாரு. அந்த மிசினு திரும்புற நேரமாம். வர்றதுக்குள்ள எல்லாம் ஆறிப்பூடும். நேத்துதான் ஒழுங்கா ஒக்காந்து சாப்ட்டாரு. வவ்வா மீன் வறுவல ரெண்டாந்தபா கேட்டு வாங்குனாரு.”

அப்போது மணி என்ன இருக்கும் என்று கேட்டாள்.

“தெரியல. இனியன் போனு கீச்சு கீச்சுன்னு கத்திச்சி. கேமராலேந்து வருது மாமான்னு எழுந்தான். அட, அதுவே தேடிப் புடிச்சிக்கும், நீ சாப்டுன்னு அந்த அரசு சாருதான் ஒக்கார வெச்சாரு.”

ஷாரோன் தண்ணீர் கேட்டாள். ரேணுகா சற்றுத் தயங்கி, பிளாஸ்டிக் பாட்டிலில் கொடுத்தார். ஷாரோன் அதைக் குடிக்காமல் ஜன்னலில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கோபத்தைத் தள்ளி வைத்து வேலை பார்ப்பது அவளுக்குப் பழக்கம்.

பிற்பகல் 3.10.

எல்லாரையும் கொட்டகைக்குள் வரச் சொன்னாள். கண்ணாயிரம், இனியன், திருநாவுக்கரசு, கதவோரம் ஜெபசிங். ரேணுகா வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். நாலு மணிக்குள் முடியுமா என்று கண்ணாயிரம் கேட்டார். அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும் என்றாள் ஷாரோன்.

8.13 என்ற நேரத்தை வைத்துத்தான் ஸ்டான்லியைப் பிடித்தீர்கள் என்று ஆரம்பித்தாள். அந்த நேரத்துக்கு இந்தக் குழாய் மோட்டாரில் சுழன்றுகொண்டிருந்தது. ஃபிளிப் 8.13.04க்கு ஆரம்பம், 8.14.22க்கு முடிவு. கேமரா அறுந்தது நடுவில். திருட வந்தவன் எவ்வளவு முட்டாளாக இருந்தாலும், அது நின்ற இடத்தில் நிற்கும்போது கழற்றுவான். சுற்றுகிற ராட்டினத்தில் ஏறிக் கழற்ற மாட்டான். ஆகவே 8.13க்குக் கேமராவை யாரும் எடுக்கவில்லை. வயர் மட்டும் தானாகப் பிடுங்கிக்கொண்டது.

கவரிலிருந்து கறுப்புத் துண்டை எடுத்துக் காட்டினாள். வயரை இந்த டேக் போட்டுத் தூணோடு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். குழாய் ஒரு பக்கம் இருக்கிற வரைக்கும் நீளம் போதும். மறுபக்கம் போகும்போது போதாது. பக்கவாட்டில் இழுபட்டுத்தான் பிளக்கின் தகரம் வளைந்தது. கையால் பிடுங்கியிருந்தால் நேராக வந்திருக்கும்.

“கட்டுனதும் அந்த எலக்ட்ரீசியன்தான்” என்றார் கண்ணாயிரம்.

“அவனுக்கு ஃபிளிப் எத்தனை மணிக்குன்னு தெரியுமா? உங்களுக்கே தெரியாதே.”

இனியன் மெதுவாகத் திருநாவுக்கரசைத் திரும்பிப் பார்த்தான். திருநாவுக்கரசு கைக்கடிகாரத்தைச் சரி செய்துகொண்டார். தனக்குத் தெரியும்தான், இனியனுக்கும் தெரியும், ஆனால் 8.13க்கு இரண்டு பேருமே மேசையில் இருந்தோம் என்று நிதானமாகச் சொன்னார்.

“அதுதான் சார் நீங்க செஞ்ச தப்பு” என்றாள் ஷாரோன். “ரெண்டு வருஷமா ஒரு ஃபிளிப்பை நீங்க தவறவிட்டதில்ல. இலையில சோறு ஆற ஆற எழுந்து வந்து இந்தத் தூணுக்குப் பக்கத்துல நின்னீங்க. வயர் மாட்டிக்குமோன்னு பயந்தீங்க. நேத்து ஒரு நாள்தான் வயர் நிஜமாவே மாட்டிச்சு. நேத்து ஒரு நாள்தான் நீங்க உக்காந்து ரெண்டாவது மீன் கேட்டீங்க. எழுந்த இனியனையும் உக்கார வெச்சீங்க. எட்டு பதிமூணுக்கு நாலு பேர் உங்களைப் பாக்கணும். அவன் ஏணி ஏற்கெனவே சுவர்ல சாஞ்சிருந்தது. அதுக்கு முன்னாடி ஸ்டான்லியை யாரும் பாக்காத இடத்துக்கு அனுப்பணும். ரெண்டையும் செஞ்சீங்க.”

பிறகு 8.36க்குச் சாவி வாங்கி முதல் ஆளாக வந்திருக்கிறார். கேமரா அப்போது இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆறு நிமிடத்தில் டேக்கை நறுக்கி, கேமராவைக் கழற்றி, ஒளித்துவிட்டுச் சத்தம் போட்டார். பையில் வைக்கவில்லை. பையைப் பார்க்கலாம் என்று முதலில் சொல்லப்போவதே அவர்தான். கொட்டகையை விட்டு வெளியே போகவும் இல்லை. அப்படியானால் கேமரா இங்கேதான் இருக்க வேண்டும்.

இங்கேதான் தேடியாயிற்றே என்று கதவோரத்திலிருந்து ஜெபசிங் முனகினார்.

“ஒரு இடத்தைத் தவிர. இனியன், அந்த மூடியைத் திறங்க.”

“பகல்ல மூடியைத் திறக்கவே கூடாது மேடம். வெயில் பட்டா உள்ள எல்லாம் போயிடும். அது இங்க சட்டம்.”

“தெரியும். ராத்திரி சார் கையால மூடினதுன்னு விட்டீங்க, பகல்ல இந்தச் சட்டத்தால விட்டீங்க. இது வடக்கே பாத்துத்தான நிக்குது, சூரியன் அந்தப் பக்கம் வராது. திறங்க.”

இனியன் வெல்வெட் உறையை அவிழ்த்தான். மூடியைத் திருகி எடுத்தான். பனிக்கூட்டுக்குள், லென்ஸில் படாமல், துடைக்கிற மெத்தென்ற துணியில் பத்திரமாகச் சுற்றி கேமரா இருந்தது. திருட்டுச் சாமானை இவ்வளவு பாசமாகச் சுற்றி வைத்ததை ஷாரோன் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

“குழாயைச் சென்னைக்கு எடுத்துட்டுப் போக நீங்க இவ்வளவு அவசரப்பட்டது இதுக்குத்தான சார்?”

திருநாவுக்கரசு மறுக்கவில்லை. பேசியபோது கண்ணாயிரத்தைப் பார்த்துத்தான் பேசினார். ஒவ்வொரு படமும் தன் கண்ணால், தன் முதுகுவலியால் எடுத்தது. பெயர் மட்டும் கண்ணாயிரத்தினுடையது. கடைசியில் இனிமேல் எல்லாம் ஆட்டோமேட்டிக், சிரமப்படாதீங்க என்று வேலைக்காரனை அனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டார். அந்த ஆட்டோமேட்டிக் ஒரு நாள் தோற்பதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நினைத்தாராம். கேமராவை விற்க அல்ல, வைத்திருக்கத்தான் எடுத்தாராம். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. ஷாரோனுக்கு ஒரு நொடி இரக்கம்கூட வந்தது.

“அதுக்கு ஸ்டான்லி என்ன பண்ணான்?”

“அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்லை.” கண்ணாயிரத்தைக் கை காட்டினார். “வேற யார் பேரைச் சொன்னா இவர் யோசிக்காம நம்புவார்?”

வந்த இரக்கம் அப்படியே வடிந்துவிட்டது. பதில் சொல்ல வேண்டிய கண்ணாயிரம் கேமராவைத் துணியோடு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இல்லை என்றதும் முகம் தெளிந்தது. ஷாரோனைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் தடவையாக ‘மேடம்’ என்றார்.

“சாமான் கெடச்சிடுச்சி மேடம். சாரு பெரிய மனுசன், ரிட்டயரான ஆளு, கேஸு கீஸுன்னா அசிங்கம். நாங்களே பேசி முடிச்சிக்கிறோம். கம்ப்ளெயிண்ட வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“இப்ப வரைக்கும் நாலு மணிக்குள்ள எஃப்.ஐ.ஆர். வேணும்னீங்க.”

“அது அவன்னு நெனச்சப்ப.”

அவர் அதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. மழைக்குக் குடை எடுத்தேன், வெயிலுக்கு வைத்துவிட்டேன் என்கிற மாதிரி சொன்னார். ஷாரோன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். 3.28.

“புகார்ல உங்க கையெழுத்து இருக்கு. திருட்டு நடந்தது நிஜம். எஃப்.ஐ.ஆர். நாலு மணிக்குள்ள போட்டுடுவேன். சந்தேகப்படுற ஆள்னு இருக்குற இடத்துல பேரு மட்டும் மாறும். சாமான் சாட்சிப்பொருள், குடுங்க.” கையை நீட்டினாள். திருநாவுக்கரசை ஜீப்பின் முன்சீட்டில் ஏற்றப்போன ஜெபசிங்கைத் தடுத்து, பின்னால் ஏறச் சொன்னாள்.

மாலை 5.30.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரின் போன் மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. எஃப்.ஐ.ஆர். 3.58க்கு ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்ன பேசினாலும் அதைத் திருப்பி எடுக்க முடியாது. தன்னை எந்த ஊருக்குத் தூக்கி அடிப்பார்கள் என்பது வேறு கணக்கு.

ஹெலன் நீட்டிய ஃபாரத்தில் ‘வழக்கு எதுவும் இல்லை’ என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினாள். ஹெலன் அதை இரண்டு தடவை படித்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடன் எதுவும் அவளுக்கு இருந்ததாக ஷாரோனுக்கும் தோன்றவில்லை.

ஸ்டான்லி எழுந்து நின்றான். ஜெபசிங் ரொம்பச் சகஜமாக, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுப்பா, போய் டீ சாப்பிடு என்று தோளில் கை வைத்தார். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு ஷாரோனைப் பார்த்தான்.

“கேமரா போனதுக்கு ஃபாரம் கீது மேடம். பாஸுக்கு ஃபாரம் கீது. இதுக்கு எந்த ஃபாரம்?” கன்னத்தைக் காட்டினான்.

ஜெபசிங் சிரித்தார். மேடம் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஷாரோன் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாள் எடுத்தாள். ஸ்டான்லியை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னாள். அவன் உட்கார்ந்தான். பேனாவைத் திறந்து, மேலே தேதி போட்டு, ஏட்டு ஜெபசிங்கின் பெயரையும் எண்ணையும் எழுதினாள்.

“மேடம், இன்னாத்துக்கு என் பேரு?” என்றார் ஜெபசிங்.

“நேரம் தெரியணும்” என்றாள் ஷாரோன், தலை நிமிராமல். “நேத்து ராத்திரி இவரை எத்தனை மணிக்கு அடிச்சீங்க, சொல்லுங்க.”